கால் மாத்திரை

நான் கால்நடைத் துறையில் வேலைக்குச் சேர்ந்த எண்பதுகளில் மாட்டாஸ்பத்திரிக்குப் பூனை வராது. மாடு வரும், ஆடு வரும். அறுப்பு முடிந்த தேரூர்ப் பத்தில் வாத்து மேய்க்க வருகிறவர்கள், செத்த வாத்து இரண்டைக் காலைப் பிடித்துத் தூக்கிவந்து மேசைமேல் போடுவார்கள். நாய், யாரையாவது கடித்த பிறகு வரும். பூனைக்கு வீட்டில் இருந்த உத்தியோகம் பத்தாயத்துக் காவல். அதற்கு உடம்பு சரியில்லை என்றால் எங்கேயாவது விறகுப்புரையில் இரண்டு நாள் படுத்துக் கிடக்கும். தேறினால் வரும், இல்லையென்றால் வராது. அதற்காக ஒருவன் மெனக்கெட்டுச் சைக்கிள் மிதித்து வந்தான் என்று ஊரில் தெரிந்தால் சிரிப்பார்கள்.

வேப்பேரிக் கல்லூரியில் எங்களுக்கு நடந்த பாடமும் ஏறக்குறைய அப்படித்தான். மாட்டுக்கு இவ்வளவு, குதிரைக்கு இவ்வளவு, நாய்க்கு இவ்வளவு என்று பலகையில் எழுதிக்கொண்டே வந்து கடைசி வரியில் பூனை நிற்கும். அந்த வரியில் பாதி நேரம் அளவு இருக்காது, ‘கூடாது’ என்று மட்டும் இருக்கும். ஏன் கூடாது என்று கேட்பதற்குள் மணி அடித்துவிடும்.

பிறகு நாஞ்சில் நாட்டில் நெல் பத்தாயத்துக்குப் போவது நின்றது. களத்திலிருந்தே வியாபாரியின் லாரிக்குப் போய்விடுகிறது. பத்தாயத்தைப் பிரித்துக் கட்டிலும் அலமாரியும் செய்துகொண்டார்கள். வேலை போன பூனை அந்தக் கட்டிலில் ஏறிப் படுத்தது. அதே வருடங்களில்தான் வீட்டுக்குள் மாத்திரைக் கவரும் வந்தது. ஜவுளிக்கடைப் பை ஒன்றில் அப்பாவின் பிரஷர் மாத்திரை, அம்மாவின் சர்க்கரை மாத்திரை, பேரனுக்கு எப்போதோ வந்த காய்ச்சலில் மிஞ்சியது, பல்வலிக்கு வாங்கியது எல்லாம் கலந்து ஃப்ரிட்ஜின் மேல் கிடக்கும். நஞ்சு என்று என்னிடம் வந்து சேர்ந்த பூனைகளில் எலி விஷத்தைத் தள்ளிவிட்டால், மிச்சத்தில் பெரும்பங்கு அந்தக் கவரிலிருந்து வந்ததுதான். ஒருவரும் கொல்ல நினைத்துக் கொடுத்ததில்லை. பூனைமேல் ஆசை இல்லாதவன் அதற்காக மாத்திரை உடைக்க உட்காரமாட்டான்.

இந்தத் தொழிலில் கை வேலையைவிடக் கேள்வி கேட்கிற வேலை பெரிது. “ஏதாவது மருந்து கொடுத்தீங்களா?” என்று கேட்டால் “ஒண்ணும் கொடுக்கல சார்” என்பார்கள். அது பொய்யில்லை. அவர்கள் கணக்கில் டாக்டர் எழுதித் தந்தால்தான் மருந்து. காய்ச்சல் மாத்திரையும் தைலமும் கற்பூரம் போட்டுக் காய்ச்சின எண்ணெயும் அதில் சேராது. ஆகவே நான் வேறு மாதிரி கேட்பேன்: “பூச்சைக்கு முடியலைன்னு தெரிஞ்சதும் மொதல்ல என்ன செஞ்சீங்க?” செய்ததைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அடுத்து, “வீட்டுல யாருக்காவது இப்போ காய்ச்சல், மேல்வலி உண்டா?” யாருக்காவது இருந்தால் அந்த மாத்திரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கும். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வந்தால் இரண்டு பேர் முகத்தையும் பார்க்க வேண்டும். பிள்ளை கூட வந்திருந்தால் வேலை சுலபம். அது கேட்காமலே சொல்லிவிடும்.

இடலாக்குடியிலிருந்து ஒரு குடும்பம் இப்படித்தான் வந்தது. சாம்பல் நிறப் பெட்டைப் பூனை, மூன்று கிலோ இருக்கும். முகம் வீங்கியிருந்தது, முன்னங்கால் பாதங்களும் பொதபொதவென்று. வாயைத் திறந்து மூச்சு விட்டது. பூனை வாயைத் திறந்து மூச்சு விட்டாலே நிலைமை கையை மீறப் போகிறது என்று அர்த்தம். “தேனீ கொட்டியிருக்கும்னு நெனைக்கேன் சார்” என்றார் அப்பா. ஈறைப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது மண் நிறத்தில் இருந்தது. கேட்டேன். “ஒண்ணும் கொடுக்கல.” கூட வந்த பெண் குழந்தை அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, “அப்பா, நேத்து பாலுல கலக்கிக் கொடுத்தேல்லா?” என்றது.

முந்தின நாள் சாயங்காலம் பூனை சுருண்டு படுத்திருக்கிறது. தொட்டுப் பார்த்தவர்களுக்கு உடம்பு கொதிக்கிற மாதிரி இருந்திருக்கிறது. பாராசிட்டமால் 650 மாத்திரையை நாலாக உடைத்து, கால் துண்டை மட்டும்தான் கொடுத்தார்கள். பெரியவனுக்கு முழுசு, பிள்ளைக்கு அரை, பூனைக்குக் கால் என்பது பார்க்க நியாயமான கணக்குதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 650-ல் கால் பங்கு 162 மில்லிகிராம். மூன்று கிலோ பூனைக்குக் கிலோவுக்கு 54 மில்லிகிராம் ஆகிறது. கிலோவுக்கு 10 மில்லிகிராமிலேயே பூனைக்கு நஞ்சேறியதாகப் பதிவுகள் உண்டு. மனிதக் கல்லீரல் பாராசிட்டமாலைக் குளுக்குரானிக் அமிலத்தோடு இணைத்துச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். அந்த இணைப்பைச் செய்யும் நொதிக்கான மரபணு பூனையிடம் இருக்கிறது, ஆனால் வேலை செய்யாது. 2000-ஆம் ஆண்டில்தான் இதை மரபணு அளவில் காட்டினார்கள். சிங்கம் புலிக்கும் இதே குறை உண்டு. தாவரம் தின்கிற பிராணிக்கு இலைதழையின் நஞ்சுகளை முறிக்க அந்த நொதி தேவைப்படுகிறது; இறைச்சியே தின்று வந்த பரம்பரைக்கு அது தேவைப்படாமல் போய்ப் பழுதாகிவிட்டது என்று விளக்கம் சொல்கிறார்கள். வெளியேற வழியில்லாத மருந்து வேறு பாதையில் திரும்பி நஞ்சாக மாறி, நேராகச் சிவப்பணுவைத் தாக்குகிறது. அங்கேயும் பூனைக்குப் பலவீனம் உண்டு. மனிதனின் ஹீமோகுளோபினில் இந்தத் தாக்குதலுக்கு இடம் கொடுக்கும் கந்தக முனைகள் இரண்டு என்றால் பூனையினுடையதில் எட்டு. தாக்குண்ட ரத்தம் பிராணவாயுவைச் சுமக்காது. நுரையீரலில் காற்று நன்றாகத்தான் போய் வரும், ஆனால் பூனை மூச்சுத் திணறும்.

இதைச் சந்தேகமில்லாமல் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு சொட்டு ரத்தத்தை வெள்ளை வடிதாளில் விட்டு, பக்கத்தில் இன்னொரு நல்ல பூனையின் சொட்டை விடுவேன். நல்ல ரத்தம் காற்றுப்பட்டதும் இன்னும் சிவக்கும். மற்றது பழுப்பாகவே நிற்கும். இடலாக்குடிக்காரருக்கு அந்த வடிதாளைக் காட்டினேன். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இதற்கு முறிவு மருந்து அசிட்டில்சிஸ்டைன். மனிதர்களுக்கு நெஞ்சுச் சளி கரையக் கொடுப்பது, பாராசிட்டமாலை அள்ளி விழுங்கியவர்களுக்கும் அதையேதான் ஏற்றுகிறார்கள். மாட்டு மருந்து விற்கிற கடையில் இருக்காது. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் பக்கத்து மருந்துக்கடையில் கிடைத்தது, பையனை பைக்கில் விரட்டினேன். அந்தப் பூனை பிழைத்தது. நேரத்தோடு வந்ததால் பிழைத்தது என்பதுதான் சரி. ஒரு ராத்திரி கழித்து வந்தவை பல பிழைக்கவில்லை.

இத்தனைக்கும் அந்தப் பூனைக்குக் காய்ச்சலே இருந்திருக்காது என்பது என் எண்ணம். பூனையின் இயல்பான உடம்புச் சூடு 100.5-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. 98.6-ல் இருக்கிற நம் கைக்கு நல்ல பூனையும் காய்ச்சல்காரப் பூனைதான். பங்குனி வெயிலில் ஓட்டுக்கூரையில் படுத்து எழுந்து வந்த பூனையின் காதைத் தொட்டுவிட்டு ‘கொதிக்குது’ என்று சொல்லாதவர்களை நான் பார்த்ததில்லை. தெர்மாமீட்டரைப் பின்பக்கம் வைத்துப் பார்க்காமல் பூனைக்குக் காய்ச்சல் என்று யாரும் சொல்ல முடியாது. நானும்தான்.

உள்ளி, அதாவது வெங்காய விஷயமும் இந்தச் சிவப்பணுக் கதைதான். மணக்குடியில் பிடித்த சாளையைக் குழம்பு வைத்து, சட்டியின் அடியில் மிஞ்சியதைச் சோற்றில் பிசைந்து பூனைக்கு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். குழம்பில் கரைந்துபோன உள்ளியும் பூண்டும் சிவப்பணுவை அதே இடத்தில் தாக்கும். ஒருநாள் தின்றதற்கு ஒன்றும் தெரியாது. தினம் தின்கிற பூனை மெல்ல வெளுத்துப்போய், சோம்பி, ஈறு வெள்ளைத் தாள் மாதிரி ஆன பிறகு வரும். “மீன் இல்லாம சோறு தொடாது சார்” என்பார்கள். மீன் இருக்கட்டும், குழம்புக்குப் போகும் முன்னால் இரண்டைத் தனியாக வேக வைத்துவிடுங்கள் என்பேன்.

வலி மாத்திரைகளில் பாராசிட்டமால் முதல் என்றால் அடுத்து ஆஸ்பிரின். இதய நோயாளி உள்ள வீடுகளில் 75 மில்லிகிராம் மாத்திரை நிரந்தரமாக இருக்கும். ரத்தத்திலிருந்து ஆஸ்பிரின் பாதியாகக் குறைய நாய்க்கு எட்டு மணி நேரம்போல ஆகிறது, பூனைக்கு நாற்பது மணி நேரத்தை ஒட்டி ஆகிறது. காலை, மதியம், ராத்திரி என்று கொடுத்தால் முந்தின வேளை போகாமலே அடுத்தது மேலே ஏறிக்கொண்டே போகும். மருத்துவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கப் பூனைக்கு ஆஸ்பிரின் கொடுத்ததுண்டு; இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை, துணுக்களவில். மருந்து ஒன்றுதான், அளவும் இடைவெளியும்தான் வித்தியாசம். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் பற்றிப் பேச்சே வேண்டாம். குடலில் புண், பிறகு சிறுநீரகம்.

டைக்ளோஃபெனாக்கைச் சொல்லும்போது ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. தொண்ணூறுகளில் எங்கள் பையில் அது தினசரி மருந்து. மடிவீக்கமோ நொண்டியோ, மாட்டுக்கு ஓர் ஊசி போட்டால் மறுநாள் எழுந்து நிற்கும். மாட்டுக்கு அது எந்தக் கெடுதலும் செய்யவில்லை. அந்த மாடு செத்து, அதைத் தின்ற பாறுக்கழுகுகள் சிறுநீரகம் பழுதாகி இந்தியா முழுக்க விழுந்தன. 2006-ல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்ததால் 2015-ல் குப்பியையே 3 மில்லியாகக் குறைத்தார்கள். கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் 2023-ல் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. ‘எல்லா உசிருக்கும் ஒரே மருந்துதானே சார்’ என்று வாதாட வருகிறவர்களுக்கு நான் பூனையைச் சொல்வதில்லை, கழுகைச் சொல்வேன். பூனையைச் சொன்னால் ‘எங்க பூச்சைக்கு ஒண்ணும் ஆகலையே’ என்று ஒருவர் எழும்புவார்.

தைலக் கதை வேறு. ஐப்பசி மழை பிடித்தால் பூனைகளுக்குத் தும்மல், கண்ணில் பீளை, மூக்கடைப்பு எல்லாம் வரும். வைரஸ் சளி; தடுப்பூசி போட்ட பூனைக்குக் குறைவாக வரும். வீட்டில் பாட்டி இருந்தால் கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தடவுவாள். பாட்டி இல்லாத வீட்டில் தலைவலித் தைலம் அல்லது யூகலிப்டஸ் எண்ணெய். பறக்கையிலிருந்து வந்த ஒரு பாட்டி என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். “எனக்க பிள்ளைகளுக்கு எல்லாத்துக்கும் இதத்தான் தடவி வளத்தேன். சவம், பூச்சைக்குத் தடவினா மட்டும் விஷமா?” நியாயமான கேள்விதான். பிள்ளைக்குத் தடவினால் தோலில் இருக்கும். பூனைக்குத் தடவினால் பத்து நிமிஷத்தில் நாக்கால் வழித்து விழுங்கிவிடும். பூனைக்கு வெளிமருந்து என்று ஒன்று கிடையாது, தடவுவது எல்லாம் உள்மருந்துதான். கற்பூரம் நரம்பைத் தாக்கி வலிப்பு வரவைக்கும். பல தைலங்களில் இருக்கிற மீதைல் சாலிசிலேட் ஆஸ்பிரினின் கூடப்பிறந்தது. பாட்டியின் பூனை எச்சில் வடித்துக்கொண்டு தள்ளாடியது, குளிப்பாட்டி, சூடு போகாமல் போர்த்தி, இரண்டு நாள் டிரிப் ஏற்றி அனுப்பினேன். பாட்டி கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் போகும்போது, “அப்போ சளிக்கு என்னதான் செய்ய?” என்று கேட்டார். குளியலறைக் கதவை அடைத்து வெந்நீர்ப் பக்கெட்டை வைத்து, பூனையோடு பத்து நிமிஷம் உட்காருங்கள், வெறும் ஆவி போதும் என்றேன். மூக்கைத் துடைத்து, வேகவைத்த மீனைக் கொஞ்சம் சூடாக வைத்தால் வாசனை ஏறித் தின்னும். தும்முகிற பூனை தின்னாமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் வாசனை தெரியாததுதான்.

நக்கி விழுங்குகிற இந்த விஷயத்தால்தான் உண்ணி மருந்து இத்தனை பூனைகளைக் கொண்டுபோகிறது. எங்கள் பக்கத்தில் தொழுவமும் வீடும் ஒரே வளாகம். மாட்டு உண்ணிக்கு வாங்கின பாட்டிலில் மிச்சம் இருக்கும், அது நாய்க்குப் போகும், நாய்க்குப் போனதில் மிச்சம் பூனைக்கு. பைரித்ராய்டு வகை மருந்துகள் மாட்டுக்கு ஒன்றும் செய்வதில்லை. பூனைக்குக் காது துடிக்க ஆரம்பித்து, முகம் துடித்து, பிறகு உடம்பு முழுக்க நடுக்கம். அதில் பெர்மெத்ரின் மிக மோசம். நாய் கழுத்தில் விடுகிற சின்னக் குழாய் மருந்துகள் சிலவற்றில் அது இருக்கிறது, ஆன்லைனில் வாங்குகிறவர்கள் அட்டையில் உள்ள நாய்ப் படத்தைப் பார்ப்பதில்லை. பூனைக்குப் போடாமல் நாய்க்குப் போட்டாலே போதும். இரண்டும் ஒரே சாக்கில் சுருண்டு படுக்கும். இப்படி ஆனால் வீட்டிலேயே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலைப் போட்டு மருந்தைக் கழுவி, துவட்டி, குளிராமல் சுற்றிக்கொண்டு வர வேண்டும். கொதிநீர் வேண்டாம், பச்சைத்தண்ணீரும் வேண்டாம். பல பேர் கழுவாமலே ஓடி வந்து விடுகிறார்கள், வருகிற வழியெல்லாம் பூனை நக்கிக்கொண்டே வருகிறது.

படர்தாமரையும் இதில்தான் சேரும். கேரளத்திலிருந்து பெர்ஷியன் குட்டிகள் வர ஆரம்பித்த பிறகு எனக்கு அது தினசரி ஆகிவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் மூன்று நான்கு மருந்து கலந்த களிம்பு கிடைக்கிறது, அதில் ஒன்று பலமான ஸ்டீராய்டு. அரிப்பு நிற்கும், காளான் உள்ளே படரும். பழைய களிம்புகளில் சாலிசிலிக் அமிலமும் பென்சாயிக் அமிலமும் இருக்கும், இரண்டையும் பூனையால் சமாளிக்க முடியாது. சொறிக்குத் தடவுகிற பென்சைல் பென்சோவேட் லோஷனும் அப்படியே. பூனை போகட்டும், அதைக் கட்டிப் பிடித்துத் தூங்கிய பிள்ளையின் கையிலும் வட்டம் வந்த பிறகுதான் பலர் கூட்டி வருகிறார்கள்.

இவ்வளவு சொன்னதால் மனுஷ மருந்தெல்லாம் பூனைக்கு விஷம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது இன்னொரு வகை மூடநம்பிக்கை. என் மேசையில் இருந்து பூனைக்குப் போகிற மருந்துகளில் பாதி ஆசாரிப்பள்ளத்துக் கடையில் வாங்கியதுதான். வயதான பூனைக்குச் சிறுநீரகம் தளர்ந்து ரத்த அழுத்தம் ஏறினால் விழித்திரை பிய்ந்து ஒரே ராத்திரியில் குருடாகும். அதற்குக் கொடுப்பது மனிதர்கள் தின்கிற அம்லோடிபின்தான், துணுக்காக உடைத்து. சர்க்கரை வந்த பூனைக்குப் போடுவது மனிதர்களின் கிளார்ஜின் இன்சுலின். பெரிடோனிட்டிஸ் என்ற வயிறு வீங்கும் நோய் வந்த குட்டிகளை ஒருகாலத்தில் பார்த்ததும் கையை விரித்துவிடுவோம். 2019-ல் கலிஃபோர்னியாவில் ஒரு வைரஸ் மருந்தால் அந்தப் பூனைகளைக் குணப்படுத்திக் காட்டினார்கள். கொரோனாவில் எல்லோரும் கேள்விப்பட்ட ரெம்டெசிவிர் அதன் நெருங்கிய சொந்தம். இன்றைக்குக் கையை விரிப்பதில்லை, செலவைச் சொல்கிறோம்.

மாட்டு மருந்து மட்டும் என்ன வாழ்கிறது? கண் பாப்பா விரிந்து, சுவரில் முட்டிக்கொண்டு நடந்த ஒரு பூனையைக் கொண்டுவந்தார்கள். எங்கேயோ ஒருவர் மாட்டுக்கு வைத்திருந்த என்ரோஃப்ளாக்சசின் ஊசியைக் கண்ணளவில் எடுத்துப் போட்டிருக்கிறார். பூனைக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் அது விழித்திரையைப் பழுதாக்கும். காய்ச்சல் குணமாகியிருந்தது. பார்வை திரும்பவில்லை.

கொரோனா வருடங்கள் எனக்குத் தனிப் பாடம். வீட்டுக்கு வீடு 650 மாத்திரை, அசித்ரோமைசின், துத்தநாகம், டாக்ஸிசைக்ளின் என்று ஒரு குட்டி மருந்துக்கடையே இருந்தது. ஐவர்மெக்டின் 2021-ல் சில மாதங்கள் சிகிச்சைப் பட்டியலில் இருந்தது அல்லவா, அந்த 12 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனைக்கு வேண்டியதைப்போலப் பத்து மடங்குக்கு மேல். காதுச்செள்ளுக்கு அது நல்ல மருந்து என்று யூடியூபில் பார்த்து முழுசாகக் கொடுத்த ஒருவர், பூனை குழைந்து விழுந்த பிறகு போன் செய்தார். அதற்கு முறிவு கிடையாது. நாள் கணக்கில் திருப்பித் திருப்பிப் படுக்க வைத்து, குழாயில் கஞ்சி கொடுத்துப் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். அந்த வீட்டில் எல்லோரும் லாக்டவுனில் சும்மா இருந்ததால் அது நடந்தது. கபசுரக் குடிநீரைப் பூனைக்குப் புகட்டப் பார்த்தவர்களும் உண்டு. பூனை தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டது, அவர்கள் கைதான் கிழிந்தது.

எல்லா நுரையும் விஷமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் எழுதிக் கொடுத்த அன்று ராத்திரியே ஆசிரமத்திலிருந்து ஓர் அக்கா அழுதுகொண்டு வந்தார். பூனை வாயெல்லாம் நுரை, தலையை உதறுகிறது. சார் கொடுத்த மாத்திரைதான் என்றார், கூட வந்த இருவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். கசப்பு, அவ்வளவுதான். நாக்கில் கசப்புப் பட்டால் பூனை நுரைத்துத் தள்ளும், கால் மணி நேரத்தில் அடங்கும். மேசையிலேயே கொஞ்சம் மீன் சாறு நக்கக் கொடுத்தேன், நின்றது. டாக்ஸிசைக்ளினுக்குக் கசப்பு பிரச்சினையில்லை. தண்ணீர் இல்லாமல் கொடுத்தால் தொண்டைக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிச் சுருக்கிவிடும். மாத்திரை போட்டதும் பின்னாலேயே இரண்டு மில்லி தண்ணீர் போக வேண்டும். மருந்துச்சீட்டில் எழுதினாலும் படிக்கமாட்டார்கள் என்பதால் வாயால் சொல்லி, திரும்பச் சொல்லவும் வைப்பேன்.

மருந்தைவிட, மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்று போகிற நாட்கள்தான் சில நோயில் கொல்கின்றன. ஆண் பூனை மண்தட்டில் குந்திக் குந்தி முக்கினால் மலச்சிக்கல் என்று முடிவு கட்டி விளக்கெண்ணெய் ஊற்றுகிறார்கள். பெரும்பாலும் அடைத்திருப்பது மூத்திரம். ஒருநாள், இரண்டு நாள் அடைத்துக் கிடந்தாலே பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். எனிமா வாங்கிக் கொடுத்த மெடிக்கல் ஷாப்காரர்களும் உண்டு, பாஸ்பேட் எனிமா பூனைக்கு எமன். முக்குகிற கடுவனை அன்றைக்கே கொண்டு வாருங்கள், ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி.

வீட்டில் செய்யலாம் என்று நான் விட்டிருக்கிற வைத்தியம் கொஞ்சம்தான். காயத்தைக் கழுவ உப்புத்தண்ணீர்: கொதித்து ஆறிய அரை லிட்டருக்கு முக்கால் டீஸ்பூன் உப்பு. பொவிடோன் அயோடினைக் கட்டன்சாயா நிறத்துக்குத் தண்ணீர் விட்டு இளக்கித் தொடலாம். டெட்டாலும் பினாயிலும் பூனை நடமாடும் தரைக்கே ஆகாது. வயிற்றுப்போக்கில் ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சொட்டுச்சொட்டாக நக்கவிடலாம், வாயைப் பிளந்து ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். விஷம் தின்றது என்று தெரிந்தாலும் உப்புத்தண்ணீரோ ஹைட்ரஜன் பெராக்சைடோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். புண்ணை நக்காமல் இருக்கக் கழுத்துக்கு வளையம் போட வேண்டும். முன்பெல்லாம் வீட்டுக்கு வீடு பழைய எக்ஸ்ரே பிலிம் இருக்கும், அதைக் கூம்பாகச் சுருட்டி ஓரத்தில் பிளாஸ்திரி ஒட்டினால் அருமையான வளையம், யாருடைய விலா எலும்போ பூனை முகத்தைச் சுற்றித் தெரியும். இப்போது எக்ஸ்ரே செல்போனில் வருகிறது. வளையத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012-ல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது எங்களுக்குப் பெரிய ஆறுதல். அதற்கு முன் கடினமான கேஸ் என்றால் திருவனந்தபுரத்தைத்தான் கைகாட்டுவோம். இருந்தாலும் பாராசிட்டமால் பூனைக்கு எண்பது கிலோமீட்டர் என்பது தூரம்தான். அதனால் சுசீந்திரத்துக் கடைக்காரர்கள் இரண்டு மூன்று பேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: பூனைக்கு என்று யார் காய்ச்சல் மாத்திரை கேட்டாலும் கொடுக்காதே, என் நம்பரைக் கொடு. பூனைக்கு என்று சொல்லாமல் வாங்குகிறவர்களை அவர்களால் என்ன செய்ய முடியும்?

மாத்திரையை அடையாளம் காண்பதே ஒரு பாடு. கடையில் ஸ்ட்ரிப்பைக் கத்திரியால் வெட்டி நாலு, ஆறு என்று கொடுக்கிறார்கள். பெயர் ஒரு துண்டில் போய்விடும், காலாவதித் தேதி இன்னொன்றில். என்னிடம் வருவது மூலையில் இரண்டெழுத்தும் ஓர் எண்ணும் உள்ள துண்டு. விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பிடித்து, எழுத்து வடிவத்தையும் ஃபாயில் நிறத்தையும் வைத்து ஊகிப்பேன். சந்தேகம் இருந்தால் அதே பட்டையைக் கடையில் காட்டி ஒத்துப்பார்க்கச் சொல்வேன். ஆகவே பூனையோடு வருகிறவர்களிடம் நான் போனிலேயே சொல்வது, ஃப்ரிட்ஜின் மேல் உள்ள கவரை முழுசாகத் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்பதுதான். குப்பையில் போட்ட காலிப் பட்டையையும் சேர்த்து.

இப்போது வாட்ஸ்ஆப்பில் படம் வருகிறது. இது நல்ல மாற்றம், கொடுப்பதற்கு முன்னால் கேட்கிறார்கள். சின்ன வயசுக்காரர்கள்தான் அதிகம். ஒரு சிக்கல், பட்டையின் முன்பக்கத்தை மட்டும் எடுத்து அனுப்புவார்கள், பளபளவென்று பெயர் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பது பின்பக்கத்தில் எறும்பெழுத்தில் இருக்கிறது. போன வாரம் வடசேரியிலிருந்து ஒரு பையன் ராத்திரி பத்தரைக்குச் சளி மாத்திரைப் படம் அனுப்பி, “அலர்ஜி மாத்திரைதானே சார், பூனைக்கு அரை கொடுக்கட்டா?” என்று கேட்டான். தனியாக செட்டிரிசின் என்றால் பூனைக்குப் பெரிதாகக் கெடுதலில்லை, அரிப்புக்கு நானே கொடுப்பதுண்டு. பின்பக்கம் எடு என்றேன். மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை, நடுவில் பாராசிட்டமால் 325.

“கொடுக்காண்டாம் மக்கா.”

“அப்போ கண்ணுல ஊத்துகதுக்கு என்ன செய்ய? வீட்டுல ஐ டிராப்ஸ் இருக்கு, அனுப்பட்டா?”

அனுப்பினான். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து. கண்ணில் கீறல் இருந்தால் அதையும் விடக்கூடாது. வெந்நீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டுக் காலையில் எட்டு மணிக்குக் கொண்டுவரச் சொன்னேன். ஒன்பதரைக்கு வந்தான். கண்ணில் சாயச்சொட்டு விட்டுப் பார்த்தேன், விழிப்படலத்தில் நகக்கீறல் பச்சையாக ஒளிர்ந்தது. சளியே இல்லை. பக்கத்து வீட்டுக் கடுவனோடு சண்டை.